கோபுர உருண்டைக்குள் இல்லாத வரி

1

ஒரு கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். பதில் வரவில்லை, கதை வந்தது. கடிதமாக எழுதிப் பார்த்த மூன்று முறையும் முதல் வரியிலேயே பொய் வந்து உட்கார்ந்துகொண்டது. கதை என்று பெயர் வைத்தால் பொய்க்கு ஓர் அனுமதி கிடைக்கும், அந்தத் தெம்பில் உண்மையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அறுபத்தெட்டு வயதில் இப்படிக் குறுக்குவழி தேடுவது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

கடிதம் காஸல் நகரிலிருந்து வந்தது. எழுதியவள் லீஸ்பெட், என் நண்பன் யோஸ்ட் பெல்ட்ஸரின் மகள். அப்பா பிப்ரவரியில் இறந்துவிட்டார் என்று எழுதியிருந்தாள். முப்பது வருடமாக, மனம் சோர்ந்துபோன நாளிலெல்லாம் அவர் ஒன்றையே சொல்லிக்கொள்வாராம்: ரோடனாவ் ஊர்த் தேவாலயக் கோபுரத்து உருண்டைக்குள் என் பெயர் இருக்கிறது, ஹார்ம் எழுதி வைத்திருக்கிறான். ஹார்ம் ரேடெகெ என்பது நான்தான். ரோடனாவ் நகர மன்றத்தின் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன்.

'அந்த வரியை அப்படியே எழுதித் தர முடியுமா? அப்பாவின் கல்லறைக் கல்லில் அதையே பொறிக்க விரும்புகிறோம். வியாழக்கிழமை மதிய ரயிலில் நானே வருகிறேன்' என்று முடித்திருந்தாள்.

இன்று திங்கள்.

2

வாசகரே, தொடக்கங்கள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன். அடித்தவற்றையும் காட்டுகிறேன். ஏன் காட்டுகிறேன் என்பது பின்னால் புரியும்.

'1837ஆம் ஆண்டு ஜனவரியில் ஊரே காய்ச்சலில் படுத்துக் கிடந்தபோது—'

(விட்டுவிட்டேன். காய்ச்சலில் நானும் யோஸ்டும் படுத்திருந்தோம். படுத்திருக்கும்போது யாரும் தவறு செய்வதில்லை.)

'யோஸ்ட் பெல்ட்ஸர் அஞ்சாநெஞ்சன்—'

(இதுவும் போயிற்று. அவன் லத்தீன் பள்ளி ஆசிரியன். மேலதிகாரி தும்மினால்கூட எழுந்து நிற்பான். எங்கள் பாடகர் சங்கத்தில் அவனுக்குத்தான் அடித்தொண்டைக் குரல், ஆனால் தனியாகப் பாடச் சொன்னால் கைக்குட்டையைத் தேடுவான். அவனை வீரனாக்கினால் என் குற்றம் சின்னதாகிவிடும். வீரர்கள் எப்படியும் போய்ச் சேருகிற இடத்துக்குத்தான் போனான் என்று நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள்.)

'கோபுரத்தின் உச்சியில், காற்றின் திசை காட்டும் உலோகச் சேவலுக்குக் கீழே, பூசணிக்காய் அளவில் பொன்முலாம் பூசிய ஓர் உருண்டை இருக்கிறது.'

இது நிற்கட்டும்.

3

உருண்டை சும்மா அழகுக்கு இல்லை. கோபுரத்தைப் பழுது பார்க்கும்போதெல்லாம் அதை இறக்கித் திறப்பார்கள். முந்தைய தலைமுறை எழுதி வைத்ததை ஊர் கூடிப் படிக்கும். பிறகு அந்த ஆண்டின் நடப்பை நகர எழுத்தர் ஒரே தாளில் எழுதித் தர, அதை ஈயப் பெட்டியில் வைத்து, உருண்டைக்குள் போட்டுப் பற்றவைத்து மூடிவிடுவார்கள். அடுத்த முறை திறக்க நூறு வருடம்கூட ஆகலாம். எழுதியவன் அதற்குள் செத்துப்போயிருப்பான், அதனால் பொய் எழுத மாட்டான் என்பது ஊரின் நம்பிக்கை.

1836 நவம்பர்ப் புயலில் சேவல் வளைந்துபோனது. மறு கோடையில் உருண்டையை இறக்கினோம். 1741இல் எழுதிய தாள் உள்ளே இருந்தது. அறுவடை, ஆலங்கட்டி மழை, தேவாலயத்துக்கு வந்த புதிய ஆர்கன் வாத்தியம், மேயரின் பெயர், எல்லாம் தெளிவாக இருந்தன. கீழே ஒரே ஒரு வரியை மட்டும் கெட்டியான மையால் அடித்திருந்தார்கள். அன்று படிக்க வந்தவர்களில் ஒருவர்கூட ஆர்கனைப் பற்றிப் பேசவில்லை. அடித்த வரி யாரைப் பற்றியது என்று மாலைவரை ஊகித்துக்கொண்டிருந்தார்கள். செருப்புத் தைப்பவன் மனைவியாக இருக்கும் என்றார் ஒருவர். அவள் கொள்ளுப் பேரன் அங்கேயே நின்றிருந்தான், கைகலப்பாகும் அளவுக்குப் போனது.

நான் அன்று ஒரு பாடம் கற்றேன். அடித்தால் மாட்டிக்கொள்வோம். அடிக்க வேண்டியதே இல்லாதபடி முதலிலேயே விட்டுவிட வேண்டும்.

4

அந்த ஆண்டைச் சொல்லாமல் மேலே போக முடியாது. நான் கோபுரத்துக்காக எழுதிய தாளின் நகல் என்னிடம் இருக்கிறது. கொஞ்சம் தருகிறேன்:

'ஜனவரியில் காய்ச்சல். ஜூன் மாதத்தில் இங்கிலாந்துக்கும் நமக்கும் பொதுவான அரசர் மறைந்தார். அங்கே பெண் அரியணை ஏறினார். நம் சட்டப்படி அது இயலாததால், நம் ஹனோவர் நாட்டுக்குத் தனி அரசர் கிடைத்தார். துக்க காலத்தில் இசை தடை செய்யப்பட்டது. செப்டம்பரில் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தின் நூற்றாண்டு விழா, தீவட்டி ஊர்வலம். அக்டோபரில் நாடகக் குழு வந்து ஒன்பது நாள் நடித்தது. நவம்பரில் மாட்சிமை பொருந்திய அரசர் 1833ஆம் ஆண்டு அரசியல் சாசனம் தம்மைக் கட்டுப்படுத்தாது என அறிவித்தார். டிசம்பரில் கோட்டிங்கன் பேராசிரியர்கள் எழுவர் அதை மறுத்ததால் பதவி நீக்கப்பட்டனர். உருளைக்கிழங்கு நன்றாக விளைந்தது.'

கடைசி வரியைக் கவனித்தீர்களா? எழுவர் பதவி போனதற்கு அடுத்து உருளைக்கிழங்கு. அப்போது அதை நடுநிலைமை என்று நினைத்தேன்.

துக்க காலத்து இசைத் தடையைப் பற்றி ஒரு குறிப்பு. பாடகர் சங்கம் அப்போதும் செவ்வாய்தோறும் கூடியது. பாடக் கூடாது என்பதால் குடித்தோம். பாடாமல் உட்கார்ந்திருந்த அந்த நாட்களில்தான் சங்கத்தில் முதல்முறையாக அரசியல் பேசினார்கள். அரசர் எங்கள் வாயை அடைத்ததால் வந்த வினை.

5

நவம்பர் முதல் வாரம் சாசனம் செத்துப்போனது. அரசுச் சம்பளம் வாங்குகிறவர்கள் எல்லாரும் புதிய அரசருக்கு விசுவாசம் தெரிவித்துக் கையெழுத்திட வேண்டும் என்று பேச்சு எழுந்தது. நானும் யோஸ்டும் 1833இல் ஒரே பைபிள் மேல் கைவைத்து அந்தச் சாசனத்துக்குச் சத்தியம் செய்தவர்கள். கறுப்புக் காளை விடுதியின் நிலவறையில் உட்கார்ந்து இதைப் பேசினோம்.

இந்த இடத்தில் முதலில் நான் எழுதியது இது: 'யோஸ்ட் மேசையைத் தட்டி, செய்த சத்தியத்தை எந்த ராஜாவும் அவிழ்க்க முடியாது என்றான்.'

அடித்துவிட்டேன். மேசையைத் தட்டியவன் நான். சத்தியம் என்ன குதிரைச் சேணமா, வேண்டும்போது கழற்றி மாட்ட என்று கேட்டதும் நான்தான். சொன்னது எனக்கே மிகவும் பிடித்துப்போய் இரண்டு முறை சொன்னேன். யோஸ்ட் தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, நாலு வயதுப் பெண் இருக்கிறாளே, குளிர்காலம் வருகிறதே என்று இழுத்தான். நான் விடவில்லை. ஒரு மணி நேரம் பேசி அவனைக் கரைத்தேன். கடைசியில் அவன் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

"சரிடா ஹார்ம். நீ போடலேன்னா நானும் போடல. உன் அளவுக்கு எனக்குப் பேச வராது. ஆனா நீ சொன்னது சரின்னு படுது."

(வாசகரே, இங்கே நிறுத்திக் கொஞ்ச நேரம் தோட்டத்துக்குப் போய்வந்தேன். இந்தப் பத்தியை யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவி மெட்டாவிடம்கூட.)

6

விசுவாசத் தாள் எங்கள் ஊருக்கு வந்தபோது, எழுத்தர்தான் அதை மேசையில் விரித்து ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். வாங்குகிறவனே போடவில்லை என்றால் எப்படி என்று கேட்டார் மேயர் ஷ்ராடெர். மிரட்டவில்லை. மூக்குப்பொடி போட்டுக்கொண்டே சாதாரணமாகத்தான் கேட்டார். நான் வாதாடுவேன் என்று அவர் எதிர்பார்த்திருப்பார் போலிருக்கிறது, ஏனென்றால் நான் பேனாவை எடுத்ததும் கொஞ்சம் திகைத்துப் பார்த்தார். முதல் கையெழுத்து என்னுடையது. வால் சுழித்துப் போட்டேன், வழக்கம்போல.

யோஸ்ட் பதினொரு மணிக்கு வந்தான். சட்டைக் கையில் சுண்ணக்கட்டித் தூள். தாளைப் பார்த்தான்.

"ஹார்ம், இது உன் கையெழுத்துதானே?"

"ஆமா."

அவன் விரலால் மெதுவாக அதன் மேல் தடவினான். "மை காஞ்சுபோச்சே."

உடனே முடிவு செய்ய வேண்டாம், மாலைவரை தாள் இங்கேதான் இருக்கும், யோசித்து வா என்றேன். குரல் என்னுடையது மாதிரியே இல்லை.

"யோசிச்சாச்சுடா. நீதானே எனக்கும் சேத்து யோசிச்சுக் குடுத்த."

போய்விட்டான். கோபப்பட்டிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன், பிழைத்திருப்பேன். அவன் முகத்தில் கோபமே இல்லை. எனக்கு ஏதோ உடம்பு சரியில்லை என்பதைப் போலப் பார்த்தான். ரோடனாவில் முப்பத்தொரு பேர் கையெழுத்திட்டோம். இடாதவன் அவன் ஒருவன். கிறிஸ்துமஸுக்கு முன்பே பள்ளியிலிருந்து நீக்க உத்தரவு வந்தது.

கோட்டிங்கன் எழுவரின் பெயர் அதற்குள் நாடெங்கும் பரவிவிட்டது. மாணவர்கள் அவர்களின் மறுப்புக் கடிதத்தைக் கையால் படியெடுத்து ஊர் ஊராக அனுப்பினார்கள். நாடு கடத்தப்பட்டவர்களை எல்லைப் பாலம்வரை கூட்டமாகப் போய் வழியனுப்பினார்கள். எங்கள் பாடகர் சங்கமும் எழுந்து நின்று எழுவருக்காகக் கோப்பை உயர்த்தியது. நானும் உயர்த்தினேன். பிறகு எழுவரின் முகமும் வரைந்த பீங்கான் புகைக்குழாய் விற்பனைக்கு வந்தபோது ஒன்று வாங்கினேன். இதோ இந்த மேசையில்தான் இருக்கிறது. எட்டாவது ஆள் எங்கள் தெருவில், மூன்றாவது வீட்டில் இருந்தான். அவன் வீட்டுக்கு யாரும் போகவில்லை.

7

அவன்தான் என் வீட்டுக்கு வந்தான். காஸலில் மனைவியின் அண்ணன் இருக்கிறார், புத்தாண்டு கழிந்ததும் போகிறோம் என்றான். வெந்நீரில் சாராயம் கலந்து கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. குடித்து முடித்துக் கோப்பையைக் கையிலேயே வைத்திருந்தான்.

"உருண்டைக்குள்ள போடற தாள நீதானே எழுதற? எனக்கு ஒரு வரி குடுடா. பேரு, இன்னது செஞ்சேன்னு. அவ்ளோதான். இங்க ஒருத்தரும் என்னப் பாக்கறதில்ல. நான் இந்த ஊர்ல இருந்தேன்னு எங்கயாவது இருக்கட்டும்."

"ஒண்ணு என்ன, ரெண்டு வரியே போடறேன்."

அதைச் சொன்னபோது முழு மனதோடுதான் சொன்னேன். என் வாக்குகள் எல்லாமே முழு மனதோடு சொன்னவைதான்.

பிறகு நடந்ததாக நான் முப்பது வருடம் எனக்கே சொல்லிக்கொண்ட கதை இது: 'நான் யோஸ்டின் பெயரை எழுதினேன். மேயர் ஷ்ராடெர் படித்துவிட்டு, அரச விரோதியின் பெயர் தேவாலயக் கோபுரத்தில் ஏறக் கூடாது என்று நீக்கச் சொன்னார். பணிந்தேன்.'

நன்றாக இருக்கிறது, இல்லையா? லீஸ்பெட்டுக்கு எழுதிய மூன்று கடிதங்களிலும் இதுதான் இருந்தது. ஷ்ராடெர் செத்து இருபது வருடமாகிறது, மறுக்க வரமாட்டார்.

நடந்தது வேறு. டிசம்பர் முப்பதாம் தேதி காலை. சுத்தப் பிரதியை அவர் மேசையில் வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"என்ன ரேடெகெ, பெல்ட்ஸரக் காணோமே?"

நான் மைக்கூட்டை மூடினேன்.

"போட்டுடும்யா. நமக்கென்ன போச்சு? ராஜா அவ்ளோ உயரம் ஏறி வந்தா படிக்கப்போறாரு?"

"இடம் இல்லைங்க" என்றேன்.

அவர் தாளைப் பார்த்தார். உருளைக்கிழங்குக்குக் கீழே ஒரு சாண் வெள்ளையாக இருந்தது. என்னைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, சரி, மடித்து வையும் என்றார்.

ஏன் எழுதவில்லை? பயம் என்றால்கூட ஒரு மரியாதை உண்டு. பயப்பட அங்கே ஒன்றுமே இல்லை. யோஸ்ட் ஒருவன் மட்டும் கையெழுத்திடவில்லை என்று எழுதினால், நூறு வருடம் கழித்துப் படிக்கிறவன் அடுத்த கேள்வி கேட்பான்: முதலில் கையெழுத்திட்டவன் யார்? அவன் பெயரை எழுதினால் அதே வரியில் என் பெயரும் மறைந்து நிற்கும். பிறக்காத ஒரு மனிதனின் முன்னால் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள, தெருவிலிருக்கும் நண்பனை இல்லாமல் ஆக்கினேன்.

8

டிசம்பர் முப்பத்தொன்று, நண்பகல், கடும் பனி. உருண்டை ஏறிவிட்டது. கூரை மேஸ்திரி கோபுர நுனியில் கால் பரப்பி உட்கார்ந்து வழக்கமான வாழ்த்துப் பாட்டைச் சொன்னார், ஒயினைக் குடித்தார், கண்ணாடிக் கோப்பையைக் கீழே எறிந்தார். அது உடைந்தால்தான் ஊருக்கு நல்லது. பனிக் குவியலில் விழுந்ததால் உடையவில்லை. கூட்டம் முணுமுணுத்தது. மேயர் என்னிடம் கண்ணைக் காட்டினார். நான் போய்க் கோப்பையை எடுத்துப் படிக்கல்லில் வைத்து, பூட்ஸ் குதிகாலால் மிதித்து உடைத்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். அந்த ஆண்டில் நான் வேறெதற்கும் கைதட்டல் வாங்கவில்லை.

நிமிர்ந்தபோது சதுக்கத்தின் அந்தக் கோடியில் யோஸ்ட் நின்றிருந்தான். தோளில் மகள். கையை நீட்டி அவளுக்கு உச்சியைக் காட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான். அத்தனை பேர் நடுவே, அந்தக் குளிரில், வெறுந்தலையோடு எனக்குத் தலை வணங்கினான். நன்றி சொன்னான்.

நானும் தொப்பியைத் தூக்கினேன்.

9

முடிவுகள்.

ஒன்று: போலி வரி ஒன்றை எழுதிக் கொடுத்துவிடலாம். இதோ எழுதியே பார்த்தேன்: 'லத்தீன் பள்ளி ஆசிரியர் யோஸ்ட் பெல்ட்ஸர், தாம் செய்த சத்தியத்தைக் காத்து, கையெழுத்திட மறுத்தார்.' எழுதி முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. முப்பது வருடம் முன்பும் அரை நிமிடம்தான் ஆகியிருக்கும். கல்லில் பொறிப்பார்கள். உருண்டையைத் திறக்கும் நாளில் நாங்கள் யாரும் இருக்க மாட்டோம். ஆனால் திறக்கிறவர்கள் கல்லையும் தாளையும் ஒப்பிட்டுப் பார்த்தால், யோஸ்டைத்தான் பொய்யன் என்பார்கள்.

இரண்டு: இடி விழுந்து தாள் எரிந்துவிட்டது என்று சொல்லலாம். (அவள் ரயிலிலிருந்து இறங்கும்போதே உருண்டை வெயிலில் மினுக்கும். வேண்டாம்.)

மூன்று: உண்மையைச் சொல்கிறேன், அவள் அழுகிறாள், பிறகு என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். இதை ஒரு பக்கம் முழுக்க எழுதிக் கிழித்தேன். மன்னிப்பையும் நானே எழுதி நானே வாங்கிக்கொள்வதா?

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. எந்த ராஜாவுக்காகக் கையெழுத்திட்டேனோ அவர் ராஜ்யமே போன வருடம் இல்லாமல் போய்விட்டது. பிரஷ்யா விழுங்கிவிட்டது. நகர மன்ற வாசலில் அவர்களுடைய கழுகுச் சின்னம் தொங்குகிறது. புது விசுவாசத் தாள் வந்தபோது இப்போதைய எழுத்தர் வந்து, யார் முதலில் போடுவது வழக்கம் என்று என்னிடம் கேட்டார். எழுத்தர்தான் என்றேன்.

10

வியாழன் காலை.

நான் இதுவரை வாசகரே, வாசகரே என்று யாரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்பது நேற்றுத்தான் எனக்கே தெரிந்தது. லீஸ்பெட், அது நீதான். சின்ன வயதில் உன்னை மகளே என்று கூப்பிடுவேன். இப்போது அந்த வார்த்தைக்கு வாய் வரவில்லை, அதனால்தான் வாசகரே என்றேன்.

மதியம் ரயிலடிக்கு வருவேன். உன் அப்பாவின் வரியைக் கேட்பாய். பேசினால் நான் மறுபடியும் நன்றாகப் பேசிவிடுவேன், அந்தப் பயத்தால் வாய் திறக்கமாட்டேன். இந்தத் தாள்களை உன் கையில் கொடுப்பேன். அடித்ததெல்லாம் அடித்தபடியே தெரியும். படித்துவிட்டு, என்னோடு கோபுரம்வரை நடப்பாயோ, அடுத்த ரயிலில் திரும்புவாயோ, அதை நான் எழுதப்போவதில்லை. எழுதுகிற உரிமை எனக்கு இல்லை.

மேயரிடம் இடம் இல்லை என்றேன். அதே அளவு, ஒரு சாண், இந்தத் தாளின் அடியில் வெள்ளையாக விட்டிருக்கிறேன். கல்லுக்கு வேண்டிய வரியை நீயே அதில் எழுது. அந்த வரியில் என் பெயரும் வருமானால் அடித்துவிடாதே.